பல்லக்காவின் சேகோ பாம்

நோயாளிகள் படுத்து வாயைத் திறக்க வேண்டிய நாற்காலியில், நோய் எதுவும் இல்லாத ஒருவன் படுத்து, வாயைத் திறந்து குறட்டை விட்டதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை, மதியம் தாண்டிய நேரம். கிளினிக் விடுமுறை. ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. பின்னறையில் ஒரு மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெழுகு வைக்கப் போகிறேன் என்று மாடியில் சொல்லிவிட்டு இறங்கியவன், மெழுகு ஆறட்டுமே என்ற நியாயமான காரணத்தைத் தனக்குத் தானே எடுத்துச் சொல்லிக்கொண்டு அக்காவின் நாற்காலியில் சாய்ந்தான். ஊரே பயந்து நடுங்கும் அந்த நாற்காலியில் அவனுக்கு மட்டும் அப்படி ஒரு தூக்கம் வரும். புரண்டபோது கால் தொங்கியது. தொங்கிய கால் நாற்காலியை இறக்கும் மிதியை அமுக்கியது. நாற்காலி முனகிக்கொண்டே பின்பக்கமாகத் தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில், முந்தின நாள் தரை துடைக்கும்போது அவனே நகர்த்தி, திரும்ப அதனிடத்தில் வைக்க மறந்துபோன அக்காவின் பூந்தொட்டி இருந்தது.

சத்தம் கேட்டுக் கண் விழித்தபோது அவன் தலை கீழேயும் கால் மேலேயுமாகக் கிடந்தான்.

"தொலைஞ்சேன்," என்று அந்தக் கோலத்திலேயே சொன்னான்.

இறங்கிப் போய்ப் பார்த்தான். மண்தொட்டி பெரிய பெரிய சில்லுகளாகப் பிளந்து, வாழைப்பழத்தோல் உரிந்தது போல நாலாபக்கமும் மல்லாந்திருந்தது. விளக்குமாற்றை எடுக்கப் போனவன் பாதியில் நின்றான்.

மண் கொட்டவில்லை.

ஒரு பிடிகூட. துடைத்த தரை துடைத்தபடியே மின்னியது. தொட்டி போன பிறகும் தொட்டியின் வடிவத்திலேயே, விளிம்பு முதல் அடிவரை, அந்த வேர்ப்பந்து அசையாமல் நின்றது. டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் போல.

அந்தத் தெருவில் அவனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதாக யாரும் சந்தேகப்பட்டதில்லை. அக்கா பல் டாக்டர் என்பதால் பல்லக்கா. அவளுடைய பின்னறையில் உட்கார்ந்து பல்செட் கட்டுகிறவன் என்பதால் அவன் செட்டுக்காரன். பிறந்தபோது இருந்த அளவை வைத்து அவன் மகளுக்குப் பட்டாணி என்று பெயர் வந்தது. எட்டு வயதாகியும் போகவில்லை. மனைவிக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் பாதியைத் தண்ணீரிலும் மீதியை அந்தத் தண்ணீரைப் பற்றிக் குறைசொல்வதிலும் கழிப்பாள். ஆகையால் பட்டாணி வளர்ந்ததெல்லாம் கிளினிக்குக்கு மேலே, மாடியில், அத்தையின் மடியில்தான்.

அத்தைக்கு இன்னொரு செல்லம் இந்தச் சேகோ பாம். கரிய முரட்டு உடம்பு. உதிர்ந்த மட்டைகளின் அடிக்கட்டைகள் செதில் செதிலாக ஒட்டிக்கொண்டிருக்க, இடுக்குகளில் பழுப்புச் சடை. தலையில் விறைப்பாக விரிந்த பச்சை இறகுகள், நுனிக்கு நுனி ஊசி. காத்திருக்கும் ஆட்கள் நிஜச் செடிதானா என்று கிள்ளிப் பார்த்துவிட்டு விரலை வாயில் வைத்துக்கொள்வார்கள். வேறு யாரையும் அதற்குத் தண்ணீர் ஊற்ற அக்கா விட்டதில்லை. அவள் ஊற்றுவதும் தண்ணீர் என்று சொல்லத்தக்கது அல்ல. நோயாளிகள் கொப்பளித்துத் துப்பும் கிண்ணத்தின் அடியில் ஒரு வாளி இருக்கும். சாயங்காலமானால் அந்த வாளியை, அன்றைய தினத்தின் ரத்தம், எச்சில், பல் தூள் எல்லாவற்றோடும் தூக்கிச் செடிக்குக் கவிழ்ப்பாள். கழிவுக்குழாய் அடைத்துக்கொண்ட ஒரு கோடையில் தொடங்கிய பழக்கம். குழாய் சரியாகிவிட்டது. பழக்கம் சரியாகவில்லை.

"அக்கா, பாக்கவே குமட்டுது," என்று அவன் ஒருமுறை சொன்னான்.

"உனக்குத்தானே குமட்டுது? அதுக்கு இனிக்குது. இலையைப் பாரு, எண்ணெய் தடவின மாதிரி."

பார்த்தான். எண்ணெய் தடவின மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு வாளி கவிழும் நேரத்தில் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டான். வாழ்க்கையில் பிடிக்காதது எதற்கும் அவன் கண்டுபிடித்த ஒரே வைத்தியம் அது.

ஆனால் கதவைச் சாத்த முடியாத ஒரு விஷயம் இருந்தது. பட்டாணியின் மேல்வரிசை முன்பல். போன வருஷம் ஆடி ஆடித் தொங்கிக்கொண்டிருந்ததை அவன்தான் நூல் கட்டி இழுத்தான். பல் வந்தது, கூடவே ஊரைக் கூட்டும் அழுகையும் வந்தது. அவளைச் சிரிக்க வைக்க, அந்தப் பல்லை அங்கேயே சேகோ பாம் தொட்டியில் விரலால் குழி பறித்து நட்டான். "பல்லுமரம் காய்க்கும் பாரு. அப்புறம் அப்பா செட் கட்டவே வேணாம், பறிச்சுப் பறிச்சு விக்கலாம்." அவள் மூக்கு ஒழுகச் சிரித்தாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த இடத்தில் எதுவும் முளைக்கவில்லை. வகுப்பில் அவளோடு பல் விழுந்த எல்லாருக்கும் முளைத்து, அடுத்த பல்லும் விழுந்து, அதுவும் முளைத்துவிட்டது. இவளை மட்டும் 'ஷட்டர்' என்று கூப்பிட்டார்கள். பாட்டுக் குழுவிலிருந்து தானாகவே விலகிவிட்டாள். சோறு தின்பதுகூடக் குறைந்துபோய், கையில் எடுத்தால் கன்னங்கள் இரண்டும் காற்றாக இருந்தன. கப்பலிலிருந்து அவள் அம்மா வீடியோவில் வரும்போதெல்லாம் முதல் வார்த்தை, "காட்டு காட்டு, ஈ காட்டு." காட்டுவாள். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அலைச்சத்தம் மட்டும் கேட்கும்.

"அக்கா, பல்லு எப்ப வரும்?"

"பார்க்கலாம்டா."

அக்காவின் பதில் எப்போதும் அதுதான். வலிக்குமா டாக்டர்? பார்க்கலாம். பிடுங்கணுமா டாக்டர்? பார்க்கலாம். முப்பத்திரண்டு பல்லும் போனவர் வந்து, இனி என்ன டாக்டர் செய்வது என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். பட்டாணிக்கு ஒருநாள் எக்ஸ்ரே எடுத்தாள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, காபி ஆறி ஆடை கட்டும்வரை நின்றாள். பிறகு அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "என்னக்கா?" என்றான். "பார்க்கலாம்டா தம்பி." மறுநாளே குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வேறு. கேட்டதெல்லாம் அதில் அடிபட்டுப் போனது.

அடுத்த மாதம் கப்பல் கரைக்கு வருகிறது. நீ வருவதற்குள் பல் வந்துவிடும் என்று மனைவிக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். பல் தன் கையிலா இருக்கிறது என்று யோசிக்காமல் கொடுத்த வாக்கு. தொழில்புத்தி.

இப்போது இந்தத் தொட்டி. ஞாயிறு சாயங்காலம் அத்தையும் மருமகளும் கிளினிக்கைச் சுத்தம் செய்ய இறங்குவார்கள். அதற்குள் வேறு எதிலாவது நட்டு, இடத்தில் வைத்து, ஒன்றும் தெரியாதவன் போல மெழுகு உருக்கிக்கொண்டு இருக்க வேண்டும். செடிக்கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"சேகோ பாமா? பேருதான் பாமுங்க, அது பனை சாதியே இல்ல," என்றார் அவர், யாரோ அவரிடம் அந்தச் சண்டையைத் தினமும் போடுவதைப் போல. "கவலைப்படாதீங்க. சுரணை கெட்ட செடி, என்ன பண்ணாலும் சாவாது. வேரை நல்லா அலசுங்க. அழுகினதை வெட்டிருங்க. புதுத் தொட்டில வெச்சு மண்ணைப் போட்டு அமுக்கிருங்க, முடிஞ்சுது."

"வேருக்கு மேல குண்டு குண்டா ஏதோ இருக்குங்க."

"அது பவளம் மாதிரி வரும். மேல பாத்து வளர்ற வேர். அது இயற்கைதான்."

"ரோஸ் கலர்ல இருக்கு."

"இருக்கும் இருக்கும்."

"நடுவுல வெள்ளையா, வழவழன்னு... பல்லு மாதிரி இருக்குங்க."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பல்செட் கட்டறேன்."

"அதான்," என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அவனுக்கும் நிம்மதிதான். நியாயமாகத்தானே சொல்கிறார்? தையல்காரனுக்கு எல்லார் முதுகும் அளவாகத் தெரியும். பிளாஸ்டர் கரைக்கும் பெரிய பிளாஸ்டிக் வாளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பல்லைத் தேய்க்கும் தன் மெஷினாலேயே அடியில் ஓட்டை போட்டான். கையுறை, முகக்கவசம் மாட்டினான். செடியைச் சாக்கின்மேல் உருட்டி, பின்னறைக்கு இழுத்துப் போய், கழுவும் தொட்டிக்குள் இறக்கினான். அதன் எடை அவனுக்குப் பிடிக்கவில்லை. செடிக்குச் செடியின் கனம் இருக்க வேண்டும். இது தூங்கும் குழந்தையைப் போல, பிடித்த பக்கமெல்லாம் தொய்ந்து சரிந்தது.

கையுறைக்கு உள்ளே விரல்கள் வெதுவெதுவென்று இருந்தன. வெயில் படாத மூலையில் இருந்த செடி. வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவன் பின்னறைக் கதவைப் போல மெல்லச் சாத்தினான்.

குழாயைத் திறந்து ரப்பர் பைப்பை நீட்டினான். மண் கரையவில்லை. மண்ணாக இருந்தால்தானே கரைய? சாம்பல் வெள்ளையாக, மாவாக, வழுவழுவென்று ஒன்று பட்டை பட்டையாக வழிந்து இறங்கியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தவனுக்கு, காலையில் நாக்கு வழிக்கும்போது வழிப்பானின் விளிம்பில் திரளுவது இதுதான் என்று தெரிந்ததும், மதியச் சாப்பாடு தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு நாற்றம். முதலில் கிளினிக்கின் வாடிக்கையான கிராம்புத்தைல வாசனைக்கு அடியில் ஒளிந்துகொண்டு, பின்பு அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. அவன் அறிந்த நாற்றம். வருஷக்கணக்காகக் கழற்றாத செட்டை ஒரு பெரியவர் கழற்றி மேசைமேல் வைத்து, "கொஞ்சம் லூசா இருக்கு தம்பி" என்னும்போது, அந்தச் செட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவே இத்தனை நாள் அடைந்து கிடந்து, பழுத்து, புளித்து, வெளிவரும் அந்த வெந்நாற்றம். இருபது வருஷத் தொழிலில் அதற்கு அவன் மூக்கு மரத்துவிட்டது என்று நினைத்திருந்தான். மரக்கவில்லை.

முகக்கவசத்துக்குமேல் இன்னொன்றைக் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்தான். மாவு போகப் போக, வேர்களுக்கு நடுவே நூல் நூலாக ஏதோ இழுபட்டது. பிசின் என்று நினைத்தான். விரலில் சுற்றி இழுத்தால் நீண்டது, மெலிந்தது, அறுந்து துளியாகக் கையுறைமேல் தெறித்தது. பிசினில் நுரை இருக்காது. இதில் சின்னச் சின்ன நுரை இருந்தது.

எச்சில்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. நறநறவென்று, எங்கோ கல்லைக் கல்லோடு தேய்ப்பது போல. அவனுக்கு உடனே சிரிப்பு வந்தது. பட்டாணி! மதியத் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். குழந்தையிலிருந்தே அப்படித்தான். இரவில் அந்தச் சத்தத்தில் முழித்து, அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தால் அடங்கிவிடுவாள். ஆனால் அவள் தூங்குவது மாடியில். கான்கிரீட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து இங்கே கேட்க அவள் யானையாக இருக்க வேண்டும்.

பைப்பை மூடினான். குழாய்ச் சொட்டு. காற்றாடி. அதற்கு இடையில், தெளிவாக, தன் முழங்கைக்கு அருகில், நற... நற... நற.

கழுவும் தொட்டிக்குள்ளிருந்து.

எலியாக இருக்கும் என்று தனக்குச் சொன்னான். எலி என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. அன்றுவரை எலியை அவன் அவ்வளவு ஆசையோடு நினைத்ததில்லை. மெழுகுக்கத்தியின் நுனியால் வேர்களை ஒதுக்கினான். கடைசிப் பட்டை மாவு கழன்று தண்ணீரில் விழுந்தது.

ஈறு.

வேறு வார்த்தை இல்லை. ரோஸ் நிறத்தில், ஈரமாக, ஆரஞ்சுத்தோல் போலச் சின்னச் சின்னக் குழிகளோடு. நல்ல ஆரோக்கியமான ஈறுக்கு அந்தக் குழிகள் இருக்கும். பல்செட்டில் அதை மெழுகில் கொண்டுவர ஒரு தொழிலாளி சாகும்வரை முயல்வான். இங்கே அது யாரும் முயலாமல் வந்திருந்தது. அதில் பற்கள். வளைவு வளைவாக, ஒரு வளைவுக்குள் இன்னொரு வளைவு, வெங்காயத்தின் உட்பட்டைகளைப் போல. கடைவாய்ப் பற்கள், கோரைப் பற்கள், வெட்டுப் பற்கள். அவனுக்குச் சில தெரிந்தவையாக இருந்தன. ஓரம் சாய்ந்த இந்தக் கோரைப்பல் கடிகாரக் கடைக்காரருடையது. சொத்தையில் பாதி கரைந்துபோய், அக்கா துண்டு துண்டாக எடுத்த பல். இங்கே அதற்குச் சொத்தை இல்லை. புதிதாக, முழுதாக, அதே சாய்வோடு வளர்ந்திருந்தது. அந்தப் பெரிய கடைவாய் தபால்காரம்மாவுடையது. அந்தக் குட்டை வரிசை முழுக்க, முப்பத்திரண்டும் போன அந்தப் பெரியவருடையது.

கண்ணை எடுக்க முடியவில்லை. தொழில்காரனின் கண். அது பாட்டுக்கு இன்னொன்றையும் பார்த்துத் தொலைத்தது. பற்களின் உச்சியில் தேய்மானம். பளபளவென்று, தட்டையாக, மேலும் கீழும் பொருந்துகிற தேய்மானம். சும்மா இருக்கும் பல் தேயாது. மென்றால்தான் தேயும்.

எதை?

முகக்கவசத்துக்குள் அவன் மூச்சு அவனுக்கே நாறியது. நகர வேண்டும் என்று கால் சொன்னது. அப்போதுதான் நடுவில் இருந்த கடைசி வளைவைப் பார்த்தான். மிகச் சின்னது. ஒரு குழந்தை வாய் அளவு. அதில் ஒரே ஒரு பல். மேல் முன்பல். அப்போதுதான் முளைத்ததுபோல விளிம்பில் மூன்று சின்ன மேடுகள், ரம்பத்தைப் போல. சாப்பிடச் சாப்பிட அவை மழுங்கிவிடும். இன்னும் மழுங்கவில்லை.

அலமாரியைத் திறந்தான். பட்டாணியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் வாயை அச்செடுத்துப் பிளாஸ்டரில் வார்த்து வைப்பான். மற்ற அப்பாக்கள் போட்டோ எடுப்பார்கள்; இவன் இப்படி. கடைசி அச்சை எடுத்து, அந்த ஓட்டையின் அகலத்தை அளவு பார்க்கும் காலிப்பரால் பிடித்தான். அப்படியே கொண்டுபோய் அந்தப் பல்லின் இரு பக்கமும் வைத்தான்.

நூல் பிசகவில்லை.

அதே சின்னத் திருப்பம். அவன் மனைவியின் முன்பல்லுக்கும் உண்டு அந்தத் திருப்பம். கல்யாணத்துக்கு முன்னால் அவன் மயங்கியதே அதில்தான்.

அருவருப்பும் ஆசையும் ஒரே நேரத்தில் ஒருவனைப் பிடித்து இழுத்தால் அவன் முட்டாள்தனமாகத்தான் ஏதாவது செய்வான். அவன் விரல் நீண்டது. பல்லைத் தொட்டான். லேசாக.

ஈறு சுருங்கியது. கூச்சப்படும் குழந்தையின் ஈறு சுருங்குவது போல. அதே நொடியில் மாடியில், "ஸ்ஸ்... ஆ!"

பட்டாணியின் குரல்.

விரலை எடுத்தான். மாடியில் சத்தம் அடங்கியது. இல்லை. இது தற்செயல். அவன் மறுபடி தொட்டான். மறுபடி, "ஆ! அத்தே!"

என் பிள்ளையின் பல். இந்த அசிங்கத்தின் வாயில். அவன் நெஞ்சில் அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. எடுத்துவிட வேண்டும். கழுவி, சுத்தம் செய்து, அக்காவிடம் கொடுத்து, இருக்க வேண்டிய இடத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். விழுந்த பல்லைத் திரும்ப ஊன்றி அவள் பிழைக்க வைத்ததை அவன் பார்த்திருக்கிறான். பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தான். இருபது வருஷம் கட்டினானே தவிர ஒரு பல்லைக்கூடப் பிடுங்கியதில்லை, அந்த நூல் கட்டியதைத் தவிர. பல்லைப் பிடித்தான். ஆட்டினான். வெதுவெதுப்பு கையுறை தாண்டி மணிக்கட்டுவரை ஏறியது. பெரிய வளைவுகள் எல்லாம் நறநறவென்று ஒன்றாகத் தேய்ந்தன. ஈறு கிழிந்தது. ரத்தம். சிவப்பு. சூடு.

மாடியில் அலறல்.

ஒரே அலறல். பிறகு படிக்கட்டில் காலடி. கடகடவென்று. அவன் இடுக்கியை விட்டான். கை விட்டுவிட்டது; அவன் விடவில்லை.

அக்கா கதவில் நின்றாள். தலை கலைந்து, இடுப்பில் பட்டாணி. எட்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்கி வந்திருந்தாள், அவ்வளவு லேசாக. குழந்தையின் வாயில் துண்டு. துண்டில் சிவப்பு.

அக்கா செடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை.

"நகருடா."

"அக்கா, அது... அதுல நம்ம..."

"நகருன்னேன்ல. அறிவிருக்கா உனக்கு? இடுக்கியைப் போடு கீழ."

பட்டாணியை அவன் கையில் திணித்துவிட்டு, வெறுங்கையோடு, கையுறைகூட இல்லாமல், அந்தப் பல்லைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த பல்லை ஊன்றும் அதே பக்குவம். மெல்ல, நேராக, உட்காரும்வரை. அவன் தோளில் குழந்தையின் விம்மல் ஒவ்வொன்றாகக் குறைந்து நின்றது.

"என் கண்ணு, கொப்பளி," என்று அக்கா தம்ளரில் தண்ணீர் பிடித்தாள்.

பட்டாணி வாங்கினாள். கொப்பளித்தாள். துப்பும் கிண்ணம் இருக்கும் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவன் தோளிலிருந்து எட்டிக் குனிந்து, தினமும் பழகியவள் குறி தவறாமல் செய்வதுபோல, வேர்களின் நடுவே துப்பினாள். அந்த வளைவுகள் எல்லாம், பெரியதிலிருந்து சிறியது வரை, தாய்ப்பறவை வந்ததும் கூட்டில் குஞ்சுகளின் வாய் திறக்குமே, அப்படித் திறந்தன. வாங்கிக்கொண்டன. மூடின.

ஓங்கரித்தான். வெளியே எதுவும் வரவில்லை.

"எத்தனை நாளா, அக்கா?"

"சத்தம் போடாதே. குழந்தை பயப்படும்."

"குழந்தையா பயப்படுது? நான்தான் செத்துக்கிட்டு இருக்கேன்! எடுத்துரலாமே. வெட்டி வீசிரலாமே இந்தச் சனியனை."

"நான் வெட்டிப் பாக்கலேன்னு நினைக்கிறியா?" அவள் சேலை முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்தும் போகவில்லை, நூலாக இழுபட்டது. "ஒரே ஒரு வேரு. சுண்டுவிரல் அளவு. எக்ஸ்ரே எடுத்த மறுநாள் வந்த காய்ச்சல் எதனாலன்னு நினைச்சே?"

"அப்பா," என்றாள் பட்டாணி காதருகே. "அதை வெட்டாதேப்பா. எனக்குப் பசிக்கும்."

அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. ரத்தத்தின் வாடை இருக்கும் என்று எதிர்பார்த்தான். இல்லை. மழை பெய்த மண்ணின் வாசனை. ஈரமான, பச்சை வாசனை.

அவளை முன்னறைக்குத் தூக்கிப் போய் நாற்காலியில் உட்கார வைத்தான். விளக்கை இழுத்துப் போட்டான். அவள் பழக்கப்பட்டவளாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, பார்க்கலாம்னு மட்டும் சொல்லாதே. உன் கால்ல விழறேன். என் பிள்ளைக்குப் பல்லு முளைக்குமா, முளைக்காதா?"

அக்கா ஷட்டரின் அடியில் நுழைந்த சாயங்கால வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு அவனை, ஒரு நோயாளியின் வீட்டாரைப் பார்ப்பதுபோல, நேராகப் பார்த்தாள்.

"முளைக்காதுடா தம்பி. அந்த இடத்துல வேற ஒண்ணு வந்துடுச்சு."

பெருவிரலால் மகளின் மேலுதட்டைத் தூக்கினான். ஓட்டைக்குள், ஈறைக் கிழித்துக்கொண்டு, பழுப்புப் பூனைமயிரோடு ஒரு குருத்து சுருண்டு நின்றது. விளக்கின் வெளிச்சம் பட்டதும், பிறந்த குழந்தை விரல் பிரிப்பதுபோல, ஒவ்வொன்றாக, அது தன் பச்சை நுனிகளைப் பிரிக்கத் தொடங்கியது.